மூன்று காம்புப் பால்

1

ஊரிலிருந்து தம்பி எழுதும் கடிதங்களில் எப்போதும் மூன்று கேள்விகள் இருக்கும். உடம்பு எப்படி, பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா, எப்போது வருகிறீர்கள். இந்தத் தடவை நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "உங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறதே, அங்கேயாவது நல்ல பால் கிடைக்கிறதா? இங்கே பாலில் தண்ணீர் கலந்த காலம் போய், தண்ணீரில் பால் கலக்கிறார்கள்." தம்பி உறையூரில் காப்பிக் கடை வைத்திருக்கிறான். அவன் கவலை அவனுக்கு.

'உங்கள் நாடு' என்று எழுதிவிட்டான். இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அடித்துவிட்டு 'மலாயா' என்று எழுதியிருக்கலாம், அடிக்கவில்லை.

இன்று மெர்டேக்கா நாள், அதாவது சுதந்திர தினம். ஆபீஸ் விடுமுறை. எங்கள் தெருவில், இங்கத்துப் பேச்சில் காஜா பேராங் சடக்கில், கடைக்குக் கடை கொடி. மகள் செல்வி பள்ளிக்கூட ஊர்வலத்துக்குப் போய்விட்டாள். "கிடைக்கிறது" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் தம்பிக்குப் பதில் முடிந்துவிடும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன், அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வந்ததெல்லாம் கீழே இருக்கிறது. ஒரு கடிதத்துக்குள் அடங்காது என்பதால் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் படித்தால் தெரியும்.

2

நான் இங்கே மாட்டு ஆஸ்பத்திரியில் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. மருந்துப் பெட்டிகளை எண்ணுவது, புத்தகத்தில் பதிவது, வெள்ளைக்கார மாட்டு டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழ் மாட்டுக்காரர்களுக்குத் தமிழிலும் மலாய்க்காரர்களுக்கு என் அரைகுறை மலாயிலும் சொல்வது, இதுதான் வேலை. மாட்டைத் தொட்டதே கிடையாது. ஊருக்கு எழுதும்போது 'வைத்தியசாலை உத்தியோகம்' என்று எழுதியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

நாக்கும் மாறிவிட்டது. ஒருமுறை ஊருக்குப் போனபோது காலையில் தம்பியிடம், "பசியாறிட்டியா?" என்று கேட்டேன். இங்கே காலைப் பலகாரம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு அதுதான் பேச்சு. அவன் மனைவி அடுக்களையில் சிரித்துவிட்டாள். "மாமா செய்யுள்ள பேசறாங்க" என்றாளாம். என் நிலைமை அது. செல்வியின் நிலைமை வேறு. பக்கத்தில் செட்டிகளின் கம்பம், அதாவது அவர்கள் குடியிருப்பு. பல தலைமுறைக்கு முன்னால் வந்த தமிழர்கள், நெற்றியில் திருநீறு, வீட்டில் சாமி, பேச்சு முழுக்க மலாய். செல்வி அந்தப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து மலாயில் கோபப்படுகிறாள், தமிழில் சாப்பாடு கேட்கிறாள். அதுவாவது இருக்கிறதே என்று நானும் அதட்டுவதில்லை.

எங்களுக்குப் பால் கொண்டுவந்தவர் மாயாண்டி. இராமநாதபுரத்துப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் 'அண்ணே' என்பேன். கிளேபாங் போகிற வழியில் தென்னந்தோப்பு ஓரமாகக் கொட்டகை, நான்கு மாடுகள். காலையில் சைக்கிளில் இரண்டு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு தெங்கேரா காப்பிக் கடைகளுக்கு ஊற்றிவிட்டு எங்கள் பக்கம் வருவார். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் மாட்டின் மூச்சைக் கேட்டே காய்ச்சல் சொல்லுவார். இதை நான் சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை, எங்கள் டாக்டரே சொன்னது.

உறையூரில் என் அம்மா பால்காரியைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் கறக்க விடுவாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுவாள். அந்தக் காலத்தில் பாலில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தண்ணீர். நகரசபை ஆள் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அதையும் பிடித்துவிடுவான். இங்கேயும் அதே குழாய்தான். மாயாண்டியின் பால் அந்தக் குழாயிடம் ஒருநாளும் தோற்றதில்லை.

3

என் மகன் குமரன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது நெஞ்சுச் சளி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெனிசிலின் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது, உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. வேறு ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இந்தப் பிள்ளைக்கு இனி அந்த மருந்து ஆகாது என்று ஒரு அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள். என் மனைவி பார்வதி அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. நர்ஸ் டின் பால் கொடுக்கச் சொன்னார். பார்வதிக்கு டின் மேல் நம்பிக்கை இல்லை. நம் பக்கத்தில் சொல்வதுபோல் ஒத்தை மாட்டுப் பால்தான் வேண்டும் என்றாள். நோஞ்சான் பிள்ளைக்கு மாடு மாறி மாறிக் கொடுத்தால் வயிற்றுக்குச் சேராது, ஒரே மாட்டின் பாலையே தொடர்ந்து கொடுக்கவேண்டும் என்பது கணக்கு. மாயாண்டிக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. தம் கொட்டகையிலேயே சாதுவான செவலை மாட்டைப் பிள்ளைக்கென்று ஒதுக்கினார். பார்வதி அதோடு விடவில்லை. வாசலில் கற்பூரம் ஏற்றி வைத்தாள்.

"வேற மாட்டுப் பாலு ஒரு சொட்டு கலக்கமாட்டேன்னு சொல்லுங்கண்ணே."

"கலந்தா என் கொட்டகை வெளங்காது தங்கச்சி" என்று மாயாண்டி கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார்.

அன்றிலிருந்து செவலையின் பால் தனித் தூக்கில் வந்தது. மழையானாலும் வெயிலானாலும் வந்தது. குமரன் தேறினான். நடந்தான். இரண்டு வயதில் அந்தப் பாலில் உறை ஊற்றிய தயிரில்தான் சோறு தின்பான்.

4

சுதந்திரத்துக்கு முந்திய வருஷம் ஒருநாள் மாயாண்டி ஆபீசுக்கே வந்தார். வாசலில் நின்று சைகை காட்டி என்னை வெளியே கூப்பிட்டார்.

"செவலைக்கு ஒரு காம்பு கல்லாட்டம் ஆயிருச்சு கிராணி. கறந்தா கட்டி கட்டியா வருது."

மடி நோய். டாக்டரிடம் சொல்லலாம், சொன்னால் வந்து பார்ப்பார், நல்ல மனுஷர்தான். ஆனால் மடி நோய் என்று புத்தகத்தில் ஏறிவிட்டால் கொட்டகை முழுக்கப் பரிசோதனை முடியும்வரை ஒரு மாட்டின் பாலையும் விற்கக்கூடாது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். காப்பிக் கடைக்காரர்கள் அதுவரை காத்திருக்கமாட்டார்கள்.

"அந்த டியூப்பு ரெண்டு இருந்தா போதும்" என்றார். காம்புத் துளைக்குள் முனையை வைத்துப் பிதுக்குகிற பெனிசிலின் டியூப். புதிதாக வந்திருந்தது, அலமாரியின் சாவி என்னிடம். இரண்டை எடுத்தேன். புத்தகத்தில் 'கசிந்து வீணானது' என்று எழுதினேன். ஊர்க்காரனுக்கு ஒரு உதவி. இருபது வருஷத்தில் நான் எடுத்த முதல் அரசாங்கப் பொருள் அதுதான் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

டியூப்போடு ஒரு சீட்டு இருந்தது. மருந்து போட்ட பிறகு மூன்று நாளைக்கு அந்த மாட்டின் பாலை மனிதருக்குக் கொடுக்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்தேன், சொன்னேன்.

மாயாண்டி யோசித்தார். பாலைக் கொட்டுவதில் அவருக்குத் தயக்கமில்லை. அவர் கவலை கற்பூரத்தில் இருந்தது.

"கடைக்கு ஊத்தமாட்டேன், கீழ கொட்டிர்றேன். குமரன் தம்பிப் பாலுக்கு என்னா செய்றது? வேற மாட்டுல குடுக்க முடியாதே. ஏன் கிராணி, நாலு காம்பும் நாலு அறைதானே? ஒண்ணோட பாலு ஒண்ணுக்குப் போவாது. மத்த மூணுல தம்பிக்கு மட்டும் கறந்துக்கிறட்டுமா?"

உள்ளே டாக்டர் மணி அடித்துவிட்டார். சட்டைப் பையில் திருட்டுச் சாவி மாதிரி அலமாரிச் சாவி கனத்தது. அவரை அங்கிருந்து அனுப்பினால் போதும் என்றிருந்தது. மாட்டைப் பற்றி மாயாண்டிக்குத் தெரியாததையா நான் சொல்லிவிடப் போகிறேன் என்றும் இருந்தது.

"உங்களுக்குத் தெரியாததா அண்ணே" என்றேன்.

நம் ஆட்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிற வார்த்தை. பெரியவர் யோசனை கேட்டால் மரியாதைக்குச் சொல்லுவது. அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சிவப்பு மையில் எழுதிய அட்டை அந்த நிமிஷம் என் ஞாபகத்தில் இல்லை. இதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

5

மறுநாள் தயிர் தோயவில்லை. பால் பாலாகவே இருந்தது, கொஞ்சம் நாற்றம் மட்டும். பார்வதி பாத்திரத்தைச் சுட வைத்துத் திரும்ப உறை ஊற்றினாள். அதுவும் தோயவில்லை. செட்டிக் கம்பத்து லெட்சுமியக்காவிடம் உறைமோர் வாங்கி வந்தாள். லெட்சுமியக்கா அவள் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, "தாங்ஙான் பனாஸ்" என்றாளாம். கை சூடாம், சூடான கையில் எதுவும் கூடிவராதாம். அன்று சாயங்காலம் பார்வதி அழுதாள். பிள்ளைக்குச் சோறு போடுகிற கையில் என்ன தோஷம் என்று என்னிடம் கேட்டாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "வெயில் மாறியிருக்கு, அதான்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் குமரன் பாலைக் குடித்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தவன் கழுத்தைச் சொறிந்தான். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் உதடு பணியாரம்போல உப்பியிருந்தது. மூச்சு விசிலடித்தது. செல்வி, "பாப்பா, தம்பி முகம் வேற ஆளு மாதிரி ஆயிடுச்சு!" என்று கத்தினாள். அப்பாவான என்னை அவள் மலாயில் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பினாங்கிலிருந்து வந்திருந்த தமிழ் டாக்டர், சின்ன வயசுக்காரர். ஊசி போட்டார், பிராணவாயுக் குழாய் வைத்தார். பார்வதி அட்டையை நீட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவ்ளோ தெளிவா எழுதியிருக்கு. யாரு பெனிசிலின் குடுத்தது?"

"யாருமே குடுக்கலைங்க. பாலைத் தவிர ஒண்ணுமே குடிக்கலை."

பால் என்ற வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் ஒன்றாகக் கூடியது. எங்கள் வெள்ளைக்கார டாக்டர் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னது. இந்த மருந்து போட்ட மாட்டின் பாலில் பாலாடைக்கட்டி பிடிப்பதில்லை என்று அவர் ஊர்ப் பண்ணைக்காரர்கள் புலம்புகிறார்களாம். பாலைத் தோய வைக்கிற நல்ல கிருமியையும் அது கொன்றுவிடுகிறது. காய்ச்சினாலும் போவதில்லை. கண்ணாடிக் குழாய்க்குத் தெரியாத விஷயத்தை எங்கள் வீட்டுத் தயிர்ப் பாத்திரம் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வெயில் என்றேன்.

அந்தத் தமிழ் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறந்தேன்.

"பால்காரர் மாட்டுக்கு ஏதோ மருந்து போட்டிருப்பார் போலிருக்கு" என்றேன்.

ஏதோ. போலிருக்கு. இரண்டே வார்த்தை, என் வேலை பிழைத்தது. மகன் பக்கத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தகப்பனுக்கு அந்தச் சாமர்த்தியம் வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

குமரன் பிழைத்துவிட்டான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தான்.

6

ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதார ஆபீசுக்குக் கடிதம் போனது. அங்கிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்தது. விசாரணைக்கு மாயாண்டியைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க நான்.

அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எதுக்காகப் பால் கொடுத்தான் என்று கேள்" என்றார் டாக்டர்.

கேட்டேன். மாயாண்டி நாலு அறைக் கணக்கைச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். அவர் சொல்வது சரிதான், மடியில் அறைகள் தனித்தனிதான், ஆனால் மருந்து ரத்தத்தில் ஏறிச் சுற்றி வந்து மற்ற மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கும் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"ரத்தத்துல போவுமா?" என்று மாயாண்டி என்னைக் கேட்டார். "அது தெரியாமப் போச்சே. பச்சப்புள்ளைக்கு நானே ஊத்திக் குடுத்தேனே கிராணி."

"மருந்து எங்கே கிடைத்தது என்று கேள்."

அதையும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. "மருந்து எங்க வாங்குனீங்கன்னு டாக்டர் கேக்கறார்" என்றேன்.

மாயாண்டி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதாவது சொல்லப்போகிறேனோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார், அவ்வளவுதான். பிறகு, "பாசார்ல முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளுகிட்ட வாங்கினேன்னு சொல்லுங்க" என்றார்.

அதை நான் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

பாலில் மருந்து இருந்தால் குற்றம் என்று அப்போது அவர்கள் புரட்டிய புத்தகத்தில் எதுவும் இல்லை. மடி நோய் வந்த மாட்டின் பாலைக் கொடுத்தால் குற்றம் என்று இருந்தது. அதில் போட்டார்கள். கோர்ட்டில் அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தம். கடைகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. செவலை உட்பட மூன்று மாடுகள் கைமாறின. மிஞ்சியது ஒன்று.

பார்வதி அவரை வாசலில் ஏறவிடவில்லை. "கற்பூரம் அணைச்சுட்டு எம் புள்ளைக்கு வெஷத்தைக் குடுத்த ஆளு" என்று சடக்கில் போகிறவர் காதுபடச் சொன்னாள். சத்தியத்தைக் காப்பாற்றப் போய்த்தான் அவருக்கு இந்தக் கதி என்று அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால் மீதியையும் சொல்லவேண்டும். குமரன் இப்போது டின் பால் குடிக்கிறான்.

இதற்கிடையில் காலம் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஜாதி மருந்துகளைத் தீனியிலேயே கலந்து மூட்டையாக அனுப்புகிறார்கள். கோழிக்கும் பன்றிக்கும் போட்டால் நோய் இல்லாவிட்டாலும் சீக்கிரம் சதை பிடிக்குமாம். விற்பனைக்காரர் வந்து வழவழப்பான காகிதத்தில் விளம்பரம் கொடுத்துவிட்டுப் போகிறார். குருபோங் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இது நல்லதா கிராணி?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது சீட்டிலுள்ள கடைசி வரிவரை வாசித்துக் காட்டுகிறேன். அவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது. எனக்கும்தான். நாளைக்கு அந்த இறைச்சியைத் தின்பவர்களின் எந்தச் சட்டியில் எது தோயாமல் போய்த் தெரியவரும் என்று எனக்குத் தெரியவில்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாயாண்டி எங்கள் வாசலில் நின்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. கையில் பிரஜாவுரிமை விண்ணப்பப் பாரம். இந்த வட்டாரத்தில் தமிழர்களுக்கு அந்தப் பாரங்களை நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன், அதனால் வந்திருக்கிறார்.

"வேற ஆள் கிட்ட போலாம்னுதான் பார்த்தேன். தப்பா எழுதிட்டா திருப்பி அனுப்பிருவாங்களாமே" என்றார். பிரஜையாகாவிட்டால் மறுபடி லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். படி ஏறாமல் வெளியிலேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். அடுக்களையில் பார்வதி பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது.

பெயர், தகப்பன் பெயர், கப்பலில் வந்த வருஷம். எல்லாம் எழுதினேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. கோர்ட்டில் தண்டனை பெற்றதுண்டா? உண்டானால் விவரம்.

பேனா நின்றுவிட்டது.

"உள்ளதை எழுதுங்க கிராணி. மறைச்சா நாளைக்கு வம்பு."

"எழுதினா கிடைக்காமப் போனாலும் போகும் அண்ணே."

"போனாப் போவுது. நான் ஊத்தின பாலுதானே."

அவர் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் என்னை உடைத்தது. "மருந்து நான் எடுத்துக் குடுத்தது" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "மூணு காம்புல கறக்கலாமான்னு நீங்க கேட்டப்போ தடுக்காம விட்டதும் நான். எம் பிள்ளைக்கு ஆகாதுன்னு எனக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. மூணுமே நான் செஞ்சது."

அடுக்களையில் சத்தம் நின்றுவிட்டது.

மாயாண்டி பாரத்தைத் தம் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர், கோடுகளின் மேல் விரலை மட்டும் ஓட்டினார்.

"அதெல்லாம் எழுத இதுல எடம் இருக்கா கிராணி?"

பார்த்தேன். இல்லை. விண்ணப்பிப்பவன் செய்த குற்றத்துக்குத்தான் கோடு போட்டிருந்தார்கள். 'உண்டு' என்று எழுதினேன். மடி நோய் வந்த மாட்டின் பாலை விநியோகித்தது என்று விவரமும் எழுதினேன். அவர் மையில் கட்டைவிரலைத் தோய்த்து, நான் காட்டிய இடத்தில் அழுத்தினார்.

பார்வதி வெளியே வந்தாள். கையில் ஒரு தம்ளர் காப்பி. அதை மாயாண்டியின் முன்னால் வைத்துவிட்டு, "குடிங்கண்ணே" என்றாள்.

"கிராணிக்கு?"

"மொதல்ல நீங்க குடிங்க."

அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள், தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. இதெல்லாம் நடந்து ஒரு வாரமாகிறது. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், சட்டைக்குப் பெட்டி போட்டு வைக்கிறாள், குமரனுக்கு டின் பாலைக் கரைத்துத் தருகிறாள். அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டுவிட்டால் தேவலை.